முதுமையிலும் லாபம் கறக்கும் கூட்டம்!

உழைத்து ஓய்ந்த மனிதனின் கடைசிக் கட்டிலையும் விடமாட்டேன் என்கிறது நிதி மூலதனம். 'பிரைவேட் ஈக்விட்டி' என்று அதற்குப் புதுப் பெயர். முகமூடியைக் கழற்றினால் உள்ளே பழைய வட்டிக்காரன்தான்!

இவர்கள் தொழில் எப்படி? கடன் வாங்கி ஒரு கம்பெனியை வாங்குவார்கள். அந்தக் கடனை அதன் தலையிலேயே கட்டுவார்கள். கட்டிடங்களை விற்றுப் பணமாக்கி, அதே கட்டிடங்களுக்கு அதையே வாடகை கட்ட வைப்பார்கள். சில ஆண்டுகளில் கம்பெனியையும் விற்றுவிட்டுக் கம்பி நீட்டுவார்கள்.

பிரிட்டனைப் பாருங்கள். சதர்ன் கிராஸ் என்ற முதியோர் இல்லக் கம்பெனியை 2004இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்டோன் வாங்கியது. 2006இல் பங்குச் சந்தையில் இறக்கியது. மறு ஆண்டே லாபத்தோடு வெளியேறியது. ஏறிக்கொண்டே போன வாடகையைக் கட்ட முடியாமல் 2011இல் கம்பெனி கவிழ்ந்தது. சுமார் 750 இல்லங்களில் இருந்த 31,000 முதியவர்கள், நாளை எங்கே படுப்பது என்று தவித்தார்கள்!

அமெரிக்காவில் பொருளாதார ஆய்வாளர்கள் 2021இல் கணக்குப் பார்த்தார்கள். இத்தகைய நிதிக் கம்பெனிகள் வாங்கிய இல்லங்களில் நர்சுகள் குறைந்தார்கள். குறுகிய காலச் சிகிச்சைக்கு வந்த முதியோரின் சாவு சுமார் 10 சதவீதம் கூடியது. இதைத்தான் 'திறமையான நிர்வாகம்' என்கிறார்கள்!

சீமையில் நடந்தால் ராயபுரத்துக்கு என்ன என்பீர்களா? அதே பிளாக்ஸ்டோன் 2023இல் ஹைதராபாத்தின் கேர் ஆஸ்பத்திரிகளைக் கைப்பற்றிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வந்தவன் முதியோர் கட்டிலுக்கு வரமாட்டானா? பெரம்பூர் பி அண்டு சி மில்லை நினைத்துப் பாருங்கள். 1996இல் ஆலை மூடியது. அந்த நிலத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள். நமக்குச் சோறு போட்ட இடம், மூலதனத்துக்கு வெறும் மனை!

எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் காண்ட்ராக்டில் எலும்பு தேய்ந்தவனுக்கு முதுமையில் என்ன மிச்சம்? பி.எப். பென்ஷனுக்கு 2014இல் குறைந்தபட்சம் ரூ.1,000 என்றார்கள், பத்தாண்டு கழிந்தும் அதே ஆயிரம்! வயலில் குனிந்தே முதுகு வளைந்த ஏழைக்கு, 60 முதல் 79 வயது வரை மத்திய சர்க்கார் பங்கு மாதம் ரூ.200!

2007ஆம் ஆண்டு முதியோர் சட்டம், மாவட்டத்துக்கு ஒரு இல்லமாவது, ஆதரவற்ற 150 பேருக்காக அரசு 'அமைக்கலாம்' என்கிறது. அமைக்கலாமாம்! அரசு கைகழுவும் இந்தச் சந்து வழியாகத்தான் லாபக்காரன் நுழைகிறான்.

'அமைக்கலாம்' என்பதை 'அமைக்க வேண்டும்' என்று திருத்து! வாழத் தக்க பென்ஷன் கொடு! முதியோர் இல்லங்களில் நிதிச் சூதாடிகளைத் தடை செய்!

ஆலைவாயிலிலும் வயல்வரப்பிலும் இந்தக் கோரிக்கைகள் முழங்கட்டும். முதுமை நமக்கும் வரும், தோழர்களே!