யார் வீட்டுக் கட்டில்?

கடந்த தை மாதம் கும்மிடிப்பூண்டியில் என் நைனாவின் கடைக்கு ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். பழைய மரச்சாமான் வாங்கி விற்கும் கடை. ஜி.என்.டி. சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. அவர்களுடைய மகனுக்கு சிப்காட்டில் வேலை கிடைத்திருக்கிறது, வாடகை வீடு பார்த்தாயிற்று, ஒரு கட்டில் வேண்டும். வேங்கை மரக் கட்டில் ஒன்றை அந்த அம்மா தட்டிப் பார்த்தார். குனிந்து கால்களைத் தடவிப் பார்த்தார். விலை கேட்டார். பேரம் தொடங்கும் முன்பே அந்தக் கேள்வி வந்துவிட்டது.

“இது யார் வீட்டுதுங்க?”

நைனா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. “அம்பத்தூர்ல ஒரு அய்யர் வீட்டுதும்மா. சுத்த சைவம். பையன் அமெரிக்கா போயிட்டான், வீட்டைக் காலி பண்ணிட்டாங்க.”

4,500 ரூபாய்க்கு முடிந்தது. குட்டி யானை வண்டியில் ஏற்றும்போது நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.

மூன்று வாரத்துக்கு முன்பு அதே கட்டிலைக் கடைக்குக் கொண்டு வந்தபோதும் ஒரு பக்கம் பிடித்தவன் நான்தான். அது எங்கள் காலனியில், எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீட்டு அக்காவுக்குத் தாய்வீட்டில் கொடுத்த சீர்க் கட்டில். அவர் கணவருக்கு ஒப்பந்த வேலை போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு முதலில் கம்மல் போனது, அடுத்தது கட்டில். எங்கள் தெருவிலேயே துடைத்து, எங்கள் தெருவிலேயே படுத்து, எங்கள் தெருவிலேயே பிள்ளை வளர்ந்த கட்டில் ஒரே வாக்கியத்தில் அம்பத்தூர் அய்யர் வீட்டுக் கட்டிலாகிவிட்டது. சாதியும் சந்தையும் குறித்து ஐந்து ஆண்டுகளாக முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

இந்தத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாமான் வரும் வழிகள் பல. அண்ணா நகர், ஆவடிப் பக்கம் அடுக்ககங்களில் வீடு மாறுகிறவர்கள் விற்பார்கள். மூடிய கம்பெனியிலிருந்து சுழல் நாற்காலிகளும் இரும்பு அலமாரிகளும் மொத்தமாக வரும். மாற்றலாகிப் போகும் இன்ஜினியர்கள் உண்டு, பெற்றோர் இறந்த வீட்டைக் காலி செய்கிறவர்கள் உண்டு. 2020 ஊரடங்கில் ஊருக்குக் கிளம்பிய வடமாநிலத் தொழிலாளர்கள் மடக்குக் கட்டிலையும் மின்விசிறியையும் கிடைத்த காசுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அடுத்த ஆண்டு திரும்பி வந்தவர்களில் சிலர் அதே கட்டிலை எங்களிடமே கூடுதல் விலைக்கு வாங்கினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், எங்கள் கடை தர்மசத்திரம் அல்ல. வாங்க வருகிறவர்கள் ஒடிசா, பீகார், ஜார்கண்ட் தொழிலாளர்கள், இங்கே பல ஆண்டுகளாக முகாமில் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்கள், புதிதாகக் குடிவந்தவர்கள், சுற்று வட்டார ஊர்க்காரர்கள்.

பழைய கட்டில் வாங்குகிறவருக்கு நியாயமான பயங்கள் உண்டு. முதலாவது மூட்டைப்பூச்சி. வெயிலில் போட்டு, பொருத்துகளில் கொதிக்கும் நீர் ஊற்றி, இடுக்குகளில் மண்ணெண்ணெய் தடவினால்தான் போகும். அப்போதும் போய்விட்டது என்று சத்தியம் செய்ய முடியாது. இரண்டாவது கரையான். தட்டினால் பொக்கென்று சத்தம் வரும், கீழே மண் துகள் கொட்டிக்கிடக்கும். தேக்கு என்று சொல்லிப் பிளைவுட்டில் மேல்தகடு ஒட்டி விற்கிற ஏமாற்று மூன்றாவது. இவை எல்லாவற்றையும் கண்ணால் பார்க்கலாம், கையால் தட்டலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்த பிறகு பலகையில் தெரியாத ஒன்றே ஒன்று, அதில் படுத்திருந்தவர் யார் என்பது. அதனால்தான் அதை வாயால் கேட்கிறார்கள். (நல்ல மரத்தை எங்கள் கடைக்கு வரும் பெரியவர்கள் ‘ஜாதித் தேக்கு’ என்பார்கள். தரத்துக்குச் சொல்ல நம் மொழிக்கு வேறு சொல் கிடைக்கவில்லை.)

எல்லோரும் ஒரே மாதிரி கேட்பதில்லை. “குடும்பமா, பேச்சிலரா?” என்பார் ஒருவர். “நல்லவங்க வீட்டுதா?” என்பார் இன்னொருவர். “எந்தப் பக்கத்து சாமான்?” என்றால் ஊர்ப் பக்கமா காலனிப் பக்கமா என்று அர்த்தம். சென்னையின் கண்ணாடிக் கட்டடங்களில் வேலை செய்கிற படித்தவர்கள் கேட்கவே வேண்டியதில்லை, விற்கிறவரே எழுதிவிடுகிறார். பழைய பொருள் விற்கும் செயலிகளிலும் அடுக்ககங்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் நான் பார்த்த வாசகங்கள்: “பிராமின் ஃபேமிலி பயன்படுத்திய டைனிங் டேபிள்”, “வெஜிடேரியன் குடும்பம், மிக நல்ல நிலையில்”. நாற்காலி கறி சாப்பிட்டதா கீரை சாப்பிட்டதா என்று யாரும் சிரிப்பதில்லை. மேசையின் நீள அகலத்துக்குப் பக்கத்தில், அதுவும் ஓர் அளவு போலவே நிற்கிறது.

பொருளின் பூர்வீகத்தைக் கேட்பது உலக வழக்கம்தானே என்று ஒரு நண்பர் என்னிடம் வாதிட்டார். 2009 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் காந்தியின் கண்ணாடி, செருப்பு உள்ளிட்ட பொருள்களை விஜய் மல்லையா 18 லட்சம் டாலருக்கு எடுத்தாரே, அங்கேயும் ‘யார் பயன்படுத்தியது’ என்பதற்குத்தானே விலை? சரிதான். ஆனால் அங்கே ஒரு தனி மனிதரின் பெயர் விலையை ஏற்றியது. எங்கள் கடையில் யாருக்கும் அந்த அக்காவின் பெயர் வேண்டாம், தெரு போதும். அவர் கட்டிலை எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தார் என்பதை அந்தத் தெரு அழித்துவிடும். முகம் தெரியாத ஓர் அய்யர் எவ்வளவு அழுக்காக வைத்திருந்தாலும் அது தெரியவே போவதில்லை.

பழைய சாமான் எந்தத் திசையில் போக வேண்டும் என்பதற்கு இந்த நாட்டில் சட்டமே இருந்தது. மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம், 125ஆம் சுலோகம். ஏவல் செய்யும் சூத்திரனுக்கு என்னென்ன கொடுக்கலாம் என்று அது சொல்கிறது: சாப்பிட்டு மிஞ்சியது, உடுத்திக் கழித்த துணி, தானியத்தில் பதர், கூடவே பழைய வீட்டுச் சாமான்கள். அதே அத்தியாயத்தில் சற்று முன்னால் சண்டாளருக்கு இன்னும் கீழே ஓர் ஏற்பாடு, பிணத்தின் துணியும் உடைந்த பாத்திரமும். 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் அம்பேத்கர் தலைமையில் கூடியவர்கள் எரித்த நூலில் பழைய கட்டிலுக்கான விதியும் இருந்தது.

அந்த விதியின்படி பழசு மேலிருந்து கீழே மட்டும்தான் வரும். காசுக்கு வராது, தயவாக வரும். என் தாத்தா பண்ணை வேலை பார்த்த வீட்டிலிருந்து ஒரு பெஞ்சு கிடைத்தது. கால் ஆடும், ஒரு பலகை பிளந்திருக்கும். ஆயா அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘குடுத்தது’ என்றுதான் சொல்லும், ஒருநாளும் ‘நம்ம பெஞ்சு’ என்று சொன்னதில்லை. கொடுத்தவர் எங்கள் தெரு வழியாகப் போனால் தாத்தா அந்தப் பெஞ்சிலிருந்து எழுந்து நிற்பாராம். அவர் உட்காராமல் கழித்துவிட்ட பெஞ்சில், அவர் கண்ணெதிரில் நாங்கள் உட்காரக் கூடாது.

நைனா இந்தத் தொழிலுக்கு வந்ததில் எனக்கு இன்றும் பெருமை உண்டென்றால் அதற்குக் காரணம் இந்தப் பெஞ்சுதான். அவர் அதே மாதிரி வீடுகளுக்குப் போய், சாமானைத் தட்டிப் பார்த்து, குறை சொல்லி, விலையைக் குறைத்து, காசை எண்ணிக் கொடுத்து எடுத்து வருகிறார். தயவு அறுந்துவிட்டது. ஆனால் கீழேயிருந்து மேலே போகிற பழசுக்கு இன்னும் வழி திறக்கவில்லை. காலனிக் கட்டில் ஊருக்குள் போக வேண்டுமானால் நடுவில் ஓர் அய்யர் வீட்டில் படுத்து எழுந்து போக வேண்டியிருக்கிறது.

உட்காருமிடத்துக்கும் சாதிக்கும் உள்ள உறவைப் பள்ளிக்கூடத்திலேயே கற்றவர் அம்பேத்கர். வகுப்பில் உட்கார அவருக்குத் தனியாக ஒரு கோணித்துணி. பள்ளியைப் பெருக்கும் பணியாள் அதைத் தொடமாட்டார் என்பதால் மாலையில் வீட்டுக்கு எடுத்துப்போய் மறுநாள் கொண்டுவர வேண்டும் என்று அவரே எழுதியிருக்கிறார். நூறு ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. 2020 அக்டோபரில், கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சித் தலைவர் ராஜேஸ்வரி கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருக்கும் படம் வெளியானது. 2022இல் தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி 24 மாவட்டங்களில் 386 ஊராட்சிகளில் நடத்திய ஆய்வில், 22 ஊராட்சிகளில் தலித் தலைவருக்கு நாற்காலி இல்லை. எங்கள் கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தில் ஆத்துப்பாக்கம் ஊராட்சித் தலைவர் அமிர்தம் 2020 சுதந்திர தினத்தில் கொடியேற்ற விடப்படவில்லை. செய்தி வெளியே வந்து, ஐந்து நாள் கழித்து, ஆகஸ்டு 20 அன்று மாவட்ட ஆட்சியர் முன்னிலையில்தான் அவர் ஏற்றினார். தலித் உட்காரும் நாற்காலியையே ஏற்காத ஊர், தலித் உட்கார்ந்து எழுந்த நாற்காலியைக் காசு கொடுத்து வாங்குமா?

விற்பனையில் சாதி என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது இரட்டைக் குவளை. வாங்க வருகிற தலித் அவமானப்படுவதை நாம் பேசியிருக்கிறோம். விற்க நிற்கிற தலித்தைக் குறைவாகவே பேசியிருக்கிறோம். 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் ஆய்வு செய்து கன்ஷியாம் ஷா, சுகதேவ் தோரட் உள்ளிட்டோர் 2006இல் வெளியிட்ட நூல், 35 விழுக்காடு கிராமங்களில் தலித்துகள் உள்ளூர்ச் சந்தையில் தங்கள் விளைபொருளை விற்க முடியவில்லை என்கிறது. பாலைப் பொறுத்தவரை அது 47 விழுக்காடு. பால் வாய்க்குள் போகிறது, தீட்டு என்கிறார்கள். கட்டில் எங்கே போகிறது?

சட்டம் இந்த இடத்தில் தடுமாறுகிறது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, தீண்டாமை காரணமாகப் பொருள் விற்க மறுப்பதைக் குற்றமாக்குகிறது. ஊர் கூடி வியாபார உறவை அறுத்தால் அது பொருளாதாரப் புறக்கணிப்பு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 முதல் அதற்குத் தண்டனை உண்டு. தனியாக வந்த ஒருவர் “யார் வீட்டுது?” என்று கேட்டுவிட்டு, பதில் பிடிக்காமல் “சைஸ் பத்தாதுங்க” என்று வண்டியைக் கிளப்பினால் எந்தப் பிரிவு? வாங்காமல் போக எவருக்கும் உரிமை உண்டு, அந்த உரிமை வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். இந்த இடத்தை வழக்கால் அடைக்க முடியாது.

அன்று இரவு நைனாவிடம் சண்டை போட்டேன். நீ சொல்லும் ஒவ்வொரு ‘அய்யர் வீட்டுது’க்கும் அய்யர் தொட்டதன் விலை ஏறுகிறது, நாம் தொட்டதன் விலை இறங்குகிறது, நம் பொருளையே வைத்து அவர்கள் புனிதத்துக்கு விளம்பரம் செய்கிறாய் என்றேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்: “கேட்டது யாரு, நானா? உண்மையைச் சொல்லியிருந்தா மூவாயிரத்துக்குக்கூடப் போயிருக்காது. அந்தப் பொண்ணுகிட்ட 3,200 குடுத்து எடுத்தேன். காலேஜ் பீஸுக்கு உன் ஆராய்ச்சியில இருந்து குடுப்பியா?”

எனக்கு வருகிற உதவித்தொகை ஒழுங்காக வந்தே பல மாதம் ஆகியிருந்தது. பேசாமல் எழுந்துவிட்டேன்.

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது என்று இன்றும் நினைக்கிறேன். சாதி கேட்கிறவரின் சுமையைப் பதில் சொல்கிறவர் தலையில் ஏற்றுவது நம்மைப் போன்ற படித்தவர்களுக்கு எளிது. பொய் சொல்லாமல் பிழைக்கிற வசதி யாருக்கு இருக்கிறதோ அவர்களிடம்தான் முதலில் கேட்க வேண்டும். இதை வாசிக்கிற தோழர்களில் பலர் வேலை மாறி, ஊர் மாறி, வீடு மாறிக்கொண்டிருப்பவர்கள். உங்கள் மெத்தையையும் மேசையையும் விற்கும்போது ‘வெஜ் ஃபேமிலி’ என்ற இரண்டு சொல்லை எழுதாதீர்கள். உங்கள் அடுக்ககக் குழுவில் எழுதுகிறவரிடம் அதற்கும் பலகைக்கும் என்ன சம்பந்தம் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். செயலி நடத்துகிற நிறுவனங்கள் மதுவையும் மருந்தையும் விளம்பரத்திலிருந்து வடிகட்டத் தெரிந்தவை, சாதிப் பெயரையும் வடிகட்டலாம். கேட்டு எழுதுவோம், விடாமல் எழுதுவோம்.

நாலாவது வீட்டு அக்காவும் ஒருநாள் வந்து கேட்டார், யார் வாங்கினார்கள் என்று. அவருக்குச் சாதி வேண்டியிருக்கவில்லை. “தலைமாட்டுல ஒரு ஆணி கொஞ்சம் தூக்கினாப்ல இருக்கும், புடவை மாட்டும். சொல்லி விட்டீங்களா?” என்றார். சொல்லவில்லை.

மாசி மாதம் கடை வாசலில் நான் ஒரு போர்டு எழுதி மாட்டினேன். ‘என்ன மரம், எத்தனை வருஷம், எங்கே பழுது என்று கேளுங்கள், சொல்கிறோம். யார் வீட்டுச் சாமான் என்று சொல்ல மாட்டோம்.’ ஒரு மாதம் பார்க்கலாம் என்று நைனா ஒத்துக்கொண்டார். அந்த மாதத்தில் போர்டைப் படித்துவிட்டும் கேட்டு, பதில் வராமல் திரும்பியவர்கள் மூன்று பேர். ஒருவர் சிரித்தார், பீரோ வாங்கிக்கொண்டு போனார். பலர் கவனிக்கவே இல்லை. மாதக் கடைசியில் கணக்கு நோட்டைப் புரட்டினேன். வண்டி வாடகை, வார்னிஷ், கூலி என்று எழுதியிருந்த செலவுகளுக்குக் கீழே நைனாவின் கையெழுத்தில் ஒரு வரி: ‘பெரியவன் போர்டு – 2,300’.

ஒரு மாதம் முடிந்து ஏழு வாரம் ஆகிறது. போர்டை இன்னும் அவர் கழற்றவில்லை. செலவை என் பெயரில் எழுதுவதையும் நிறுத்தவில்லை.