பிரபுவுக்கு ஆவி உண்டு, வேலைக்காரனுக்கு?

வெனிஸ் நகரத்து ஓட்டல் ஒன்று. அதில் 14ஆம் நம்பர் அறை. ஒருவருக்கு அங்கே தூக்கமும் இல்லை, சாப்பாடும் இறங்கவில்லை. அடுத்து வந்த அம்மாளுக்கு ராத்திரி முழுக்கக் கெட்ட கனவு! மானேஜர் என்ன செய்தார் தெரியுமா? கதவில் இருந்த 14ஐ எடுத்துவிட்டு 13ஏ என்று மாட்டினார். நம்பரை மாத்தினா தீருமா? அதற்கும் அடுத்தவருக்கு மூக்கைத் துளைக்கும் நாற்றம்!

விக்டோரியா மகாராணி காலத்து எழுத்தாளர் வில்கி காலின்ஸ் 1878இல் எழுதிய 'பேய் ஓட்டல்' நாவலில் வருகிற சம்பவம் இது. பேய்க்கதை என்றுதான் படிக்கிறார்கள். போலீஸ் நியூஸ் எழுதுகிற எனக்குப் பேயைவிட வேறொரு ஆள் மேல்தான் கண். முடிவைச் சொல்லாமல் அவனைப் பற்றிப் பேச முடியாது. மன்னிக்கவும்.

அந்த ஓட்டல் முன்பு ஒரு பழைய அரண்மனை. மான்ட்பாரி பிரபு புது மனைவியோடும் அவள் சகோதரனோடும் அங்கே தங்குகிறார். அவர் பேரில் 10,000 பவுன் இன்ஷூரன்ஸ். அவருடைய பயண வேலையாள் பெர்ராரி மார்ச்சளி முற்றிச் சாகக் கிடக்கிறான். அவனையே பிரபு என்று டாக்டருக்குக் காட்டுகிறார்கள். செத்ததும் பிரபு பெயரில் அடக்கம். நிஜப் பிரபுவுக்கு விஷம்!

இன்ஷூரன்ஸ்காரர்கள் வெனிசுக்கே ஆள் அனுப்பி விசாரித்தார்கள். இயற்கை மரணம் என்று ரிப்போர்ட். பணமும் பட்டுவாடா. என்ன நோய் என்று கேட்டார்கள். செத்தது யாருன்னு ஒருத்தரும் கேக்கல! பிணவறை வாசலில் நானும் நின்றிருக்கிறேன். கொண்டு வந்தவர் சொல்வதுதான் பெயர். ரிஜிஸ்டரில் ஏறிவிட்டால் அதுதான் ஆள்.

பிரபுவுக்காவது ஆவி வந்தது. உடன்பிறந்தவர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. மறைவிடத்திலிருந்து தலை அகப்பட்டது. பொய்ப்பல்லை வைத்து அடையாளமும் தெரிந்தது.

பெர்ராரிக்கு? சொல்லாமல் ஓடிட்டான் என்று பேச்சு. லண்டனில் அவன் பெண்சாதிக்குத் தபாலில் 1,000 பவுன் நோட்டு வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. அந்தப் பணத்துக்காகத்தான், சாகப் போகிற நேரத்தில் அவன் இந்த ஆள்மாறாட்டத்துக்குச் சம்மதித்தான். தன் பெயரையே விற்றுவிட்டுப் போனவன்!

காலின்ஸ் கெட்டிக்காரர், சந்தேகமில்லை. ஆனால் ஓட்டலில் அத்தனை அறை இருந்ததே, பெர்ராரிக்காக ஒரு அறையிலாவது யாராவது தூக்கம் கெட்டிருக்கக் கூடாதா?