மாட்டுக்கும் அந்த ஊசி!

பிறந்த குழந்தைக்குப் பி.சி.ஜி. என்று ஓர் ஊசி போடுகிறார்களே, தோழர்களே, அது எங்கிருந்து வந்தது தெரியுமா? மாட்டிடமிருந்து! கால்மெட், கெரேன் எனும் இரு பிரெஞ்சு அறிஞர்கள், மாட்டைத் தாக்கும் காசநோய்க் கிருமியை எடுத்து, 1908 முதல் 1921 வரை, 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து, அதன் பல்லைப் பிடுங்கி, மருந்தாக்கித் தந்தனர். மாட்டின் கிருமி மனிதக் குழந்தைக்குக் காவலாயிற்று. மாட்டுக்கு? நூறாண்டு கடந்தும் நம் நாட்டுத் தொழுவங்களில் அந்த ஊசி வழக்கத்துக்கு வரவில்லை!

"ஊசி போட்டாலும் நோய் அறவே நிற்பதில்லையே" என்பார்கள். உண்மைதான். நாம் மறுக்கவில்லை. ஆனால் நோய் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்றுப் பாருங்கள். கிருமி புகுந்த மாட்டின் நுரையீரலிலும், அதையொட்டிய நிணநீர்க் கணுக்களிலும் கழலை கழலையாகக் கட்டுகிறது. அறுத்துப் பார்த்தால் உள்ளே கட்டித் தயிர் போல மஞ்சள் நிறப் பொருள். நுரையீரல் கழலை உடைந்து மூச்சுக்குழலில் கலந்துவிட்டால், அந்த மாடு இருமும்போதெல்லாம் கிருமி பறக்கும். அடுத்த கட்டுத்தறியில் நிற்கும் மாட்டுக்கு அதுவே எமன். ஊசி போட்ட மாட்டுக்கும் கழலை வருவதுண்டு. ஆனால் எண்ணிக்கை குறைகிறது, அளவு சிறுக்கிறது.

சிறுத்தால் என்ன, பெருத்தால் என்ன, நோய் நோய்தானே என்று கேட்கத் தோன்றும். அதற்கு விடை எத்தியோப்பியாவிலிருந்து வந்தது. ஆம், ஏழை நாடுதான்! நோயுற்ற மாடுகளோடு, ஊசி போட்ட கன்றுகளையும் போடாத கன்றுகளையும் ஓராண்டுக் காலம் ஒன்றாக நிறுத்தி, யார் நோயை வாங்கினர், யார் பிறருக்குத் தந்தனர் என்று கணக்கெடுத்தனர். 2024இல் 'சயின்ஸ்' ஏட்டில் முடிவு வெளிவந்தது. நோய் தொற்றாமல் காத்தது 58 விழுக்காடு. ஊசியை மீறி நோய் தொற்றிய மாடு அதைப் பிறருக்குப் பரப்புவது 74 விழுக்காடு குறைந்தது. இரண்டும் சேர்ந்து 89 விழுக்காடு! தன்னைக் காப்பதைவிடப் பக்கத்து மாட்டைக் காப்பதில் ஊசி வல்லது. ஒருவன் இருமினால் வரிசையே இருமும் ஆலைத் தொழிலாளிக்கு இதன் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை. (கன்றுகளிடம் கண்ட கணக்கு இது, முதிர்ந்த மாட்டுக்கும் இதே பலன் என்று நாம் சொல்லவில்லை.)

பின் தடை என்ன? சோதனை! மாட்டின் தோலில் டியூபர்குலின் ஏற்றி, மூன்றாம் நாள் வீக்கம் பார்ப்பது பழைய முறை. பி.சி.ஜி. போட்ட மாடும் வீங்கும். நோயாளி யார், ஊசி போட்டுக்கொண்டவர் யார் என்று தெரியாது. செல்வ நாடுகள் வீங்கிய மாட்டைக் கொன்று, உடையவனுக்கு இழப்பீடு கொடுத்து நோயை ஒழிக்கப் புறப்பட்டன. எனவே ஊசியை ஒதுக்கின. இங்கோ பெரும்பாலான மாநிலங்களில் பசுவைக் கொல்வது சட்டப்படி குற்றம். கொல்லவும் கூடாது, ஊசியும் கிடையாது! தாய் என்று தொழுகிறவர்கள், தாயின் நுரையீரலை மட்டும் மறந்துவிட்டார்கள் போலும்.

இப்போது அந்தச் சாக்கும் தளர்கிறது. ஊசி போட்ட மாட்டை விட்டுவிட்டு, நோய் கொண்ட மாட்டை மட்டும் காட்டும் புதுச் சோதனை உருவாகியிருக்கிறது. ஊசியையும் சோதனையையும் சேர்த்து 2021இல் பிரிட்டனில் பண்ணை மாடுகளிடம் முயன்று பார்க்கத் தொடங்கினர்.

இந்தியாவில் காசநோய் கொண்ட மாடுகள் 2 கோடியே 18 இலட்சம் இருக்கலாம் என 2018இல் ஆய்வாளர் மதிப்பிட்டனர். 2019இல் டில்லி அரசு பெருஞ்செலவில் மாட்டுத் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது: கோமாரிக்கும், கன்று வீசும் புருசெல்லா நோய்க்கும். நல்லது, வரவேற்கிறோம். காசம் ஏன் அதில் இடம்பெறவில்லை? பாலைக் காய்ச்சினால் குடிப்பவன் தப்புவான். விடியுமுன் தொழுவம் கூட்டி, இருமும் பசுவின் மூக்கருகே குனிந்து தீனி வைக்கிறாளே உழைப்பாளி வீட்டுப் பெண், அவள் எதைக் காய்ச்சுவாள்? கறவைக் கன்றுகளுக்கு இந்த ஊசியை எந்த ஆண்டு தொடங்கப் போகிறீர்கள் என்று டில்லியைக் கேட்கிறோம்.