பாலர் பள்ளி ஆசிரியையும் பதவிப் பெயரும்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே, கிரான்குளத்துக்கும் செட்டிபாளையத்துக்கும் நடுவே அமைந்திருக்கிறது குருக்கள்மடம். கிழக்கே கடல், மேற்கே வாவி. வாவியின் அக்கரையிலுள்ள அம்பிளாந்துறைக்குச் செல்வோர் ‘பாதை’ என்று இப்பகுதியில் வழங்கும் மிதவையில் ஏறிச் செல்வர். ஊரின் பெயரிலேயே குருவும் இருக்கிறார், மடமும் இருக்கிறது. (பெயர்க் காரணத்தை ஆராய்வது நமது நோக்கமன்று.) இவ்வூரிலும் இதனையொத்த எழுவான்கரை, படுவான்கரைக் கிராமங்களிலும் மூன்று வயது முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளைக் காலைதோறும் ஏற்று, பேச்சும் பழக்கமும் கற்பித்து, நண்பகலிலே திருப்பி அனுப்பும் பெண்களுக்கு எத்தனை பெயர்கள் வழங்குகின்றன என்று எண்ணிப் பார்த்தல் தகும்.

குழந்தைகள் ‘ரீச்சர்’ என்கின்றனர். பெற்றோர் ‘நேசரி ரீச்சர்’ என்று ஓர் அடைமொழி சேர்த்துக்கொள்கின்றனர். அரசாங்கக் கடிதங்களில் ‘முன்பள்ளி ஆசிரியை’. கலியாணப் பேச்சு நடக்கும் வீட்டிலோ, “பெண் என்ன உத்தியோகம்?” என்ற கேள்விக்கு, “உத்தியோகம் எண்டில்லை, சும்மா பிள்ளை பார்க்கிறவ” என்ற விடை வந்துவிடுகிறது. அந்தச் ‘சும்மா’ என்ற சொல்லே இத்தொழிலில் உள்ளோரை மிகவும் வருத்துவது. வருமானம் சிறிது என்பது அவர்களுக்கு முன்னரே தெரியும்; தெரிந்தேதான் வந்தார்கள். செய்யும் வேலை வேலையாகவே கொள்ளப்படவில்லை என்பதைத்தான் அவர்களால் பொறுக்க முடிவதில்லை.

இவ்வருத்தம் வெறும் கௌரவப் பசி என்று ஒதுக்கிவிடக் கூடியதன்று. நம் நாட்டிலே பெயருக்கும் பணத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. இலங்கை ஆசிரியர் சேவையைச் சேர்ந்தவருக்குச் சம்பளத் திட்டம் உண்டு, பதவி உயர்வு உண்டு, ஓய்வூதியம் உண்டு. முன்பள்ளி ஆசிரியை அச்சேவைக்குப் புறத்தே நிற்பவர். பிள்ளைகளின் பெற்றோர் தரும் மாதக் கட்டணம், முன்பள்ளியை நடத்தும் சங்கமோ தொண்டு நிறுவனமோ தருவது, அரசும் மாகாணமும் வழங்கும் சிறு தொகை, இவையே அவரது வரவு. அச்சிறு தொகைக்குச் ‘சம்பளம்’ என்று பெயரில்லை. ‘கொடுப்பனவு’ என்றே பெயர். 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலும், மாதம் ஆயிரம் ரூபாய் கூட்டப்படும் என்று முன்மொழியப்பட்டது கொடுப்பனவுதான். சம்பளம் உரிமையால் வருவது. கொடுப்பனவு கொடுப்பவரின் விருப்பத்தால் வருவது. 2020இல் பெருந்தொற்றினால் முன்பள்ளிகள் மூடப்பட்டபோது பெற்றோரின் கட்டணமும் நின்றது. ஆசிரியர் சேவையிலுள்ளோர் வீட்டிலிருந்தும் சம்பளம் பெற்ற அதே மாதங்களில், அடுத்த வளவிலிருந்த ‘நேசரி ரீச்சர்’ வெறுங்கையோடு இருந்தார். பெயரில் உள்ள வேற்றுமை அடுப்படி வரை சென்ற காலம் அது.

‘பாலர்’ என்ற சொல் எப்பொழுதும் பாடசாலை மதிலுக்கு வெளியே நின்றதன்று. கன்னங்கராவின் காலத்தில், 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது, பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை என்பதே அதன் முழக்கம். அரிவரி கற்பித்த ஆசிரியர் பாடசாலையின் ஆசிரியராகவே இருந்தார். அவரைப் ‘பிள்ளை பார்க்கிறவர்’ என்று ஒருவரும் சொன்னதில்லை. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் பாடசாலையிற் சேரும் வயதை ஐந்திலிருந்து ஆறாக உயர்த்தியது. பின்னர் ஐந்து வயதினர் மீண்டும் உள்ளே வந்தனர்; ஆனால் அவ்வகுப்பு இன்று முதலாந் தரம் எனப்படுகிறது. அதற்கு முந்திய பருவம் வெளியிலேயே நின்றுவிட்டது. கட்டாயக் கல்வியும் ஐந்து வயதிலிருந்தே கணக்கிடப்படுகிறது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் முன்பள்ளிகளின் முகாமைத்துவத்தை மேற்பார்வை செய்யும் பொறுப்பை மாகாண சபைகளுக்கு அளித்தது. மேற்பார்வை என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். மேற்பார்வை செய்பவர் முதலாளி அல்லர்.

இனி, பொதுமக்களின் தப்பெண்ணத்துக்கு வருவோம். மட்டக்களப்புச் சமுதாயம் தாய்வழிக் குடி முறையைப் பேணியது. வீடும் வளவும் மகளுக்கே சீதனமாகச் செல்லும். மணமகன் அவ்வளவுக்கு வந்து சேர்வான். ஆகவே குழந்தை வளர்வது அம்மம்மாவின் மடியிலும், பெரியம்மா சின்னம்மாமாரின் இடுப்பிலும். இத்தகைய வளவில் பிள்ளை வளர்த்தல் எல்லாப் பெண்களுக்கும் இயல்பாக வரும் கை வழக்கம். அதைத் தொழில் என்று சொல்வது மீனுக்கு நீந்தப் பழக்கினேன் என்பது போலத் தோன்றும். அந்த வளவுகள் இன்று முன்போல் இல்லை. போரும், 2004இன் கடற்கோளும், மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகச் சென்ற தாய்மாரின் பயணமும் அவற்றைக் கலைத்துவிட்டன. அங்கே பிறர் பிள்ளையைப் பார்ப்பது கூலி பெறும் வேலை என்று ஒப்புக்கொள்ளும் குடும்பம், தன் பிள்ளையை இங்கே பார்ப்பவரை மட்டும் ‘சும்மா’ இருப்பவராகக் கருதுவது விந்தையே.

இயல்பாக வருவது என்று கருதப்படும் அந்த வேலையைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். தன் பிள்ளை ஒன்றை இடுப்பில் வைத்திருப்பதும், பிறர் பிள்ளைகள் இருபத்தைந்து பேரை ஒரு கூரையின் கீழ் வைத்திருப்பதும் ஒன்றல்ல. தாயின் சேலைத் தலைப்பை விடாது அழும் குழந்தையை முதற் கிழமையில் விடுவிப்பது ஒரு கலை. அதட்டினால் அழுகை நிற்கும், அச்சம் நில்லாது. புளியங்கொட்டையை ஐந்தைந்தாக அடுக்கும் விளையாட்டிலே எண் பிறக்கிறது. மணலில் விரலால் கோடிழுக்கும் பயிற்சியே பின்னர் பென்சில் பிடிக்கும் கைக்கு வலிமை தருகிறது. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை குறும்புக்காரனா, காது மந்தமானவனா என்று முதலிற் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் இந்த ஆசிரியைதான். மூன்று வயதிற் கண்டால் செய்யக் கூடியது பல. ஏழு வயதிற் கண்டால் வகுப்பிலே மக்கு என்ற பட்டம் அதற்குள் கிடைத்திருக்கும். கைகழுவப் பழக்குவதும், சிறுநீர் கழித்த உடுப்பை மற்றப் பிள்ளைகள் சிரிக்காத வண்ணம் மாற்றிவிடுவதும் இதே வேலையின் கூறுகளே. இந்தக் கடைசிப் பகுதியினால்தான் இழிவு வருகிறது. மலமும் மூக்குச்சளியும் துடைக்கும் கை எழுத்தறிவிக்கும் கையாகாது என்று நம் சமூகம் நெடுங்காலமாக எண்ணி வந்திருக்கிறது. இவ்வெண்ணத்தின் வேர் எங்கே இருக்கிறது என்பதை நம்மவர் அறியாதவர் அல்லர்.

இவ்விழிவிலிருந்து தப்ப ஆசிரியை தேடும் வழியே என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. ‘நானும் ஆசிரியைதான்’ என்பதை ஊருக்குக் காட்ட அவரிடம் உள்ள கருவி ஒன்றே: அப்பியாசக் கொப்பி. புளியங்கொட்டை விளையாட்டைப் பார்க்கும் தகப்பன், “பிள்ளை விளையாடத்தானே வருகுது, இதுக்கு ஏன் காசு?” என்கிறார். கொப்பியிலே அகரம் முதல் வரிசையாக எழுதி, சிவப்பு மையில் சரி போட்டு அனுப்பினால் அதே தகப்பன் அவரை ரீச்சர் என்று மனமார அழைக்கிறார். அடுத்த ஊர் முன்பள்ளியில் ஆங்கில எழுத்தும் பழக்குகிறார்களாம் என்றால், இவரும் பழக்கியாக வேண்டும். பிள்ளை போனால் கட்டணமும் போய்விடும். இவ்வாறு நான்கு வயதுக் குழந்தை, எலும்பு முற்றாத விரல்களால், முதலாந் தரத்தின் வேலையைச் செய்கிறது. ஆண்டு முடிவில் கறுப்பு அங்கியும் தொப்பியும் அணிவித்துப் பட்டமளிப்பு விழாவும் சில இடங்களில் நடக்கிறது. வீட்டிலே படத்தைச் சட்டமிட்டு மாட்டிய பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும் உண்மையான பட்டதாரிகளே வேலைக்காகத் தெருவிலிறங்கிப் போராடிய மாவட்டத்தில் அந்தத் தொப்பி சிறிது சிரிப்பை வரவழைக்கிறது. மக்களின் தப்பெண்ணம் ஆசிரியையின் மனத்தை மட்டும் புண்படுத்தி நிற்கவில்லை. அவர் செய்யும் வேலையையே திரித்துவிடுகிறது.

பெயரை மாற்றினால் போதுமென்பாரும் உளர். மலைநாட்டுத் தோட்டங்களிலே ‘பிள்ளைக் காம்பரா’ என்றும் ‘பிள்ளை மடுவம்’ என்றும் வழங்கிய இடங்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாயின. அங்கே தொட்டில் ஆட்டிய ஆயா, பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஆனார். பயிற்சி நல்லது, பெயரும் நல்லது. எனினும் கொழுந்து பறிக்கச் செல்லும் தாயின் வாயில் பழைய பெயர்கள் இன்னும் அழிந்துவிடவில்லை. யப்பானில் இப்பணியாளரைக் குறித்த பழைய சொல்லில் ‘தாய்’ என்ற பொருள் கலந்திருந்தது. 1999இல் அது நீக்கப்பட்டு, ஆண்களுக்கும் பொருந்தும் புதுப் பெயர் சட்டத்தில் இடப்பட்டது. ஆனால் அங்கும் இத்தொழிலின் ஊதியம் பொதுச் சராசரிக்குக் கீழேயே கிடந்தது.

வன்னியில் நேர்ந்தது வேறு விதம். போர் முடிந்த பின்னர் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் முன்பள்ளி ஆசிரியைகள் பலர் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் சம்பளப் பட்டியலிற் சேர்க்கப்பட்டனர். மாகாணம் தந்ததைப் பன்மடங்கு விஞ்சிய சம்பளம் அது. கூடவே பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள திணைக்களத்தின் பெயரும் வந்தது. குழந்தைக்குப் பாட்டுச் சொல்லித்தரும் பெண் எந்தப் பட்டியலில் நின்று சம்பளம் வாங்குகிறார் என்பது பெரும் சர்ச்சையாயிற்று. கண்டித்தவர்களின் அச்சம் நியாயமானது. ஆயினும் அவர்கள், அதே தொகையை வேறு எந்தப் பெயரில் யார் தருவார் என்ற கேள்விக்கு விடை சொல்லவில்லை.

தமிழ்நாட்டுச் செய்தி இன்னும் தெளிவானது. இந்தியாவில் 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் அங்கன்வாடி நடத்தும் பெண் ‘பணியாளர்’. அவர் பெறுவது ‘மதிப்பூதியம்’. மத்திய அரசு நிர்ணயித்த அத்தொகை 2018 முதல் மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. மாநிலங்கள் தம் பங்கைச் சேர்ப்பதுண்டு. தம்மையும் ஆசிரியர் என அழைக்க வேண்டும் என்பது அப்பணியாளர்களின் நெடுநாள் வேட்கை. 2019இல் தமிழ்நாட்டு அரசு 2,381 அங்கன்வாடி மையங்களில் மழலையர் வகுப்புகளைத் தொடங்கி, அரசுப் பள்ளிகளில் உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை அங்கே அனுப்பியது. அவ்வாசிரியர்களோ, இது தங்களைத் தாழ்த்துவது என்று எதிர்த்தனர். வழக்கும் நீதிமன்றம் வரை சென்றது. ஒரே கூடம், அதே குழந்தைகள். ஒருத்திக்கு எட்டாத உயரமாகிய அது மற்றவருக்குப் பதவியிறக்கம். இவ்விருவரையும் பிரித்தது குழந்தைக்குச் செய்யும் வேலை அன்று; நியமனக் கடிதத்தின் தலைப்பு.

உலகத் தொழில் நிறுவனத்தின் 2008ஆம் ஆண்டுத் தொழிற் பகுப்பும் இதே பிளவை எழுதி வைத்திருக்கிறது. முன்பிள்ளைப் பருவக் கல்வியாளர் வல்லுநர் பிரிவில்; குழந்தைப் பராமரிப்பாளர் சேவைத் தொழிலாளர் பிரிவில். மூன்று வயதுக் குழந்தையோ தன் காலையை இப்படிப் பகுத்துக்கொள்வதில்லை.

ஆகவே, பராமரிப்பை மறைத்துக் கற்பித்தலை மட்டும் முன்னே நிறுத்திப் பெயர் கேட்பது சரியான வழியென்று எனக்குத் தோன்றவில்லை. கேட்க வேண்டிய முதற் கேள்வி வேறொன்று. குருக்கள்மடத்து ஆசிரியையின் தொழில்தருநர் யார்? சங்கத்தைக் கேட்டால், நாங்கள் இடமும் ஒழுங்கும் தருகிறோம் என்கிறது. பெற்றோர், கட்டணம் கட்டுகிறோம் என்கின்றனர். மாகாணம் மேற்பார்வை செய்கிறது. மத்தி கொடுப்பனவு தருகிறது. நால்வர் இருந்தும் ஊழியர் சேமலாப நிதிப் படிவத்திலே தொழில்தருநர் என்ற கோட்டின்மேல் ஒப்பமிட ஒருவரும் முன்வருவதில்லை.

இந்திய உச்ச நீதிமன்றம் 2006இல், அங்கன்வாடிப் பணியாளர் அரசுப் பதவி வகிப்பவர் அல்லர் என்று தீர்த்தது. அதே நீதிமன்றம் 2022 ஏப்பிரலில், பெயர் மதிப்பூதியமாயினும் அது கூலியே என்று கொண்டு, அவர்களுக்குப் பணிக்கொடை உண்டென்று தீர்ப்பளித்தது. பதவிப் பெயரில் ஓரெழுத்தும் மாறவில்லை; கையிற் கிடைக்கும் பணத்துக்கு எந்தச் சொல்லைச் சூட்டுவது என்பது மட்டுமே மாறிற்று. நம் மாகாணக் கடிதங்களில் ‘கொடுப்பனவு’ என்று இருக்கும் இடத்தில் ‘சம்பளம்’ என்று எழுதுவதற்கும், அதன் கீழே தொழில்தருநராக ஒப்பமிடுவதற்கும் முன்வரும் அதிகாரி எவரோ, அவரிடமே இப்பெண்கள் தம் விண்ணப்பத்தை நீட்ட வேண்டும்.