விண்ணிலிருந்து வீழும் தூசி

பொழுது விடிவதற்கு முன், விளக்கொளி குறைந்த நம் தீவுப்பகுதிக் கரையொன்றில் நின்று கீழ்வானை நோக்குவோர், மங்கிய வெண்ணொளி ஒன்று கூம்புபோல் எழுந்து நிற்கக் காண்பதுண்டு. அது விடியலின் ஒளியன்று. சூரியனைச் சுற்றிவரும் நுண்ணிய தூசியிற் பட்டுச் சிதறும் கதிரொளியே அது.

அத்தூசியில் ஒரு பகுதி ஓயாது பூமியை வந்தடைகின்றது. ஆண்டொன்றுக்கு அது ஏறத்தாழ 40,000 தொன் என 1993ஆம் ஆண்டில் ஆய்வாளர் கணித்தனர். நம் வீட்டு ஓட்டுக்கூரையிலும் அதன் துகள் சில படிந்திருத்தல் கூடும். ஆயின் செம்மண்ணும் அடுப்புப் புகையும் கலந்த கூரைத் தூசியில் அதைத் தேடுவது, கடலிற் கரைத்த பெருங்காயத்தைத் தேடுவதை ஒக்கும்.

ஆதலின் அறிஞர் மேலே சென்றனர். 1974ஆம் ஆண்டு முதல், அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் யூ-2 விமானங்கள் 20 கிலோமீற்றர் உயரத்திற் பறந்து, சிலிக்கோன் எண்ணெய் பூசிய தட்டுகளில் தூசியைப் பிடித்தன. டொனால்ட் பிரவுன்லீ என்பார் அவற்றை ஆராய்ந்தார். அங்கும் எரிமலைச் சாம்பலும், ரொக்கட்டுகள் உமிழ்ந்த அலுமினியத் துகளும் கலந்தே கிடந்தன.

அவ்வாறாயின், விண்தூசியை இனங்காண்பது எவ்வாறு? அதன் இரசாயன அமைப்பே சாட்சி. ஒட்சிசன், சிலிக்கன், மகனீசியம், இரும்பு, கந்தகம், கல்சியம், நிக்கல் ஆகியவை பண்டைய விண்கற்களிற் காணப்படும் விகிதத்திலேயே அதில் அமைந்துள்ளன. காபன் அவற்றினும் மிகுதி. பூமியின் நிக்கலிற் பெரும்பகுதி இரும்போடு நடுவகத்துள் ஆழ்ந்துவிட்டமையால், மேற்பாறைகளில் அது மிகக் குறைவு. அன்றியும், சூரியக் காற்றுப் புகுத்திய ஈலியமும் அத்துகளில் உறைகின்றது.

நம் அயலிலும் இத்தகைய தேட்டம் ஒன்று நிகழ்ந்தது. 2001ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள், ஐதராபாத்திலிருந்து சென்ற பலூன் 41 கிலோமீற்றர் உயரம் வரையுள்ள காற்றைச் சேகரித்து மீண்டது. அதில் உயிர்நுண்மங்கள் காணப்பட்டன. அவை விண்ணிலிருந்து வந்தவை என்றார், ஆய்வில் ஈடுபட்ட, கொழும்பிற் பிறந்த சந்திரா விக்கிரமசிங்க. பூமியிலிருந்து மேலே சென்றிருத்தலும் கூடுமே என்றனர் பிறர். விண்தூசிக்கு நிக்கலும் ஈலியமும் சாட்சி கூறுவதுபோல், அந்நுண்மங்களின் பிறப்பிடத்தை ஐயமற உரைக்கும் சான்று கிட்டவில்லை.

உயரத்தில் அகப்பட்டதெல்லாம் விண்ணிற்கு உரியதன்று. மாணவச் செல்வங்களே, வியப்பூட்டும் செய்தி ஒன்றைக் கேட்குந்தோறும், “இதற்குச் சாட்சி யாது?” என வினவுங்கள். அவ்வினாவைப் பொறுமையோடு கேட்டதனாலன்றோ, ஒரு தூசியின் ஊரையும் நாம் அறிந்துகொண்டோம்!