சிகாகோ பேர்ஸ் 1985: பாதியில் நிறுத்தப்பட்ட கணக்கு

அமெரிக்கக் கால்பந்து வரலாற்றில் மிகச் சிறந்த தடுப்பாட்டம் எந்த அணியுடையது என்ற வாதம் எங்கே தொடங்கினாலும், பெரும்பாலும் 1985ஆம் ஆண்டின் சிகாகோ பேர்ஸ் அணியிடம்தான் வந்து நிற்கும். பெயரில் கால்பந்து இருந்தாலும் அது பெரிதும் கையாலும் உடலாலும் ஆடப்படும் ஆட்டம். தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்த பதினொருவர் எதிரே நிற்கும் பதினொருவரோடு மோதி, நீள்முட்டை வடிவப் பந்தைச் சிறிது சிறிதாக முன்னே கொண்டு செல்ல வேண்டும். அந்த மோதலைக் கலையாகவே ஆக்கிய அணி என்று பேர்ஸ் இன்றும் போற்றப்படுகிறது. அந்தப் போற்றுதலில் பொய் இல்லை. ஆனால் கணக்கு பாதியில் நிறுத்தப்பட்டிருக்கிறது.

முதற்பாதி எல்லோரும் அறிந்தது. பதினாறு ஆட்டங்களில் பதினைந்து வெற்றி. ஒரே தோல்வி டிசம்பர் 2 அன்று மியாமி டால்பின்ஸ் அணியிடம், 38-24. பதினாறு ஆட்டங்களிலும் எதிரணிகள் எடுத்த புள்ளிகள் மொத்தம் 198 மட்டுமே. அடுத்து வந்த வெளியேற்றச் சுற்றில் நியூயார்க் ஜயண்ட்ஸும் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸும் ஒரு புள்ளிகூட எடுக்காமல் திரும்பினர். 1986 ஜனவரி 26 அன்று நியூ ஆர்லியன்ஸில் நடந்த சூப்பர் பௌல் இறுதியாட்டத்தில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 46-10 என வீழ்ந்தது. அன்று அவ்வணி பந்தை ஏந்தி ஓடி ஈட்டிய மொத்தத் தூரம் ஏழே கெஜம்.

இதற்குப் பின்னிருந்த சூத்திரம் தடுப்பாட்டப் பயிற்சியாளர் படி ரையன் வகுத்தது. எதிரணி தடுத்து நிறுத்தக்கூடிய ஆட்களைவிட அதிகமானோரை ஒரே நேரத்தில் பாய்ச்சி, பந்தை எறிபவர் எறிவதற்கு முன்பே அவரைச் சாய்ப்பது. அதற்கு ‘46’ என்று பெயர். அந்த எண் ஆட்ட அமைப்பைக் குறிப்பதன்று. கடுமையான மோதலுக்குப் பெயர்பெற்றிருந்த டக் பிளாங்க் என்ற முன்னாள் பேர்ஸ் வீரரின் சட்டை எண். ஓர் உத்திக்கு மோதலின் பெயரையே சூட்டிய அணி, தான் எதைக் கொண்டாடுகிறது என்பதை மறைக்கவில்லை.

அந்தத் தடுப்பு வரிசையின் பின்களத்தில் நின்றவர் டேவ் டூர்சன். ஊதியத் தகராறில் டாட் பெல் அந்தப் பருவம் முழுவதும் ஆடாமல் விலகியதால் கிடைத்த இடம் அது. டூர்சன் நாட்ர டேம் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்றவர். ஓய்வுக்குப் பின் வீரர் சங்கத்தின் சார்பில், ஓய்வுபெற்ற வீரர்களின் உடற்குறை உதவித்தொகை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் ஆறு பேர் குழுவில் அமர்ந்தார். 2007இல் அமெரிக்க செனட் குழு முன்பு, முதுமையில் வரும் நினைவிழப்புக்கு ஆட்டம்தான் காரணமா என்று ஐயம் எழுப்பினார். தொழில்முறை ஆட்டம் எதையும் ஆடாத தன் தந்தையும் அதே துன்பத்தில் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். 2011 பிப்ரவரியில், தன் மூளையை ஆய்வுக்கு ஒப்படைக்குமாறு எழுதிவைத்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 50. தலையில் திரும்பத் திரும்பப் படும் அடிகளோடு தொடர்புடைய சி.டி.இ. என்னும் மூளைச்சிதைவு அவருக்கு இருந்ததை அதே ஆண்டு மே மாதம் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உறுதிசெய்தனர். மற்றவர்களின் விண்ணப்பங்களை எடைபோட்டவர் இறுதியில் தன்னையே சான்றாக ஒப்படைத்தார்.

அந்த ஆண்டு அக்டோபரில் 1985 அணி வெள்ளை மாளிகையில் பாராட்டப்பட்டது. சூப்பர் பௌல் முடிந்த இரண்டாம் நாள் சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறியதால் கைவிடப்பட்டு, இருபத்தைந்து ஆண்டுகள் தாமதமாக நடந்த விழா. அதற்கு எட்டு மாதங்களுக்கு முன்பே டூர்சன் போய்விட்டார். அந்தப் பருவத்தில் பந்தெறிந்த ஜிம் மக்மேன் பிற்காலத்தில் தன் நினைவிழப்பைப் பற்றித் தானே வெளிப்படையாகப் பேசினார்.

பதினோரு பருவங்கள் ஆடிய ஒருவரின் நோய்க்கு ஒரு பருவத்தை மட்டும் குற்றம் சாட்ட முடியாது என்று மறுப்பு எழும். நியாயமான மறுப்புதான். ஆனால் இந்நோயின் இயல்பே அதுதான். மயங்கி விழச் செய்த ஓர் அடியைவிட, எவரும் கவனிக்காமல் போன ஆயிரம் அடிகளின் குவியலே அதில் முதன்மையானது. அந்தக் குவியலில் ஒரு பங்கு, வரலாற்றின் சிறந்த தடுப்பாட்டம் என்று புகழப்படும் ஆட்டங்களிலிருந்து வந்தது. விரும்பித்தானே ஆடினார்கள் என்ற வாதம் வலுவற்றது. எதை விலையாகக் கொடுக்கிறோம் என்பது அன்று வீரர்களுக்குச் சொல்லப்படவில்லை. இந்நோய்க்கும் ஆட்டத்துக்கும் தொடர்பு உண்டு என்று லீக்கின் மூத்த அதிகாரி ஒருவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 2016இல்தான்.

இழப்பீடு வந்த விதம் இதனினும் கசப்பானது. முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்கில் 2015இல் நீதிமன்றம் இறுதி ஒப்புதல் அளித்த உடன்பாட்டின்படி, அறிவாற்றல் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைத் தேர்வுகளால் அளந்தே பணம் வழங்கப்படும். குறைவை அளக்க வேண்டுமானால் தொடக்க நிலை ஒன்று வேண்டும். கறுப்பின வீரர்களுக்கு அந்தத் தொடக்க நிலையையே தாழ்வாகக் கொள்ளும் அளவுகோல் ஒன்று நடைமுறையில் இருந்தது. இருவர் ஒரே மதிப்பெண் பெற்றாலும், வெள்ளையர் நோயாளி எனக் கொள்ளப்படுவார். கறுப்பினத்தவர் அவ்வாறு கொள்ளப்படாமல் போகலாம். லீக்கின் வீரர்களில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர் என்பதை நினைவில் கொண்டால், இதில் மிச்சமாகும் தொகை யாருக்குச் சேரும் என்பது விளங்கும். கெவின் ஹென்றி, நஜே டேவன்போர்ட் என்னும் இரு முன்னாள் வீரர்கள் 2020இல் வழக்குத் தொடுத்த பின்னரே, 2021 ஜூனில் அந்த அளவுகோலைக் கைவிடுவதாக லீக் அறிவித்தது.

அதே 2021இல்தான், ஓர் அணி ஒரு பருவத்தில் ஆட வேண்டிய ஆட்டங்களின் எண்ணிக்கையை லீக் பதினாறிலிருந்து பதினேழாக உயர்த்தியது.