மேக்குக்குள் விண்டோஸ் எதற்கு?

மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு பக்கம் பல வீடுகளில் இப்போது இது நடக்கிறது. அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வரும் பிள்ளை தன் பழைய மேக் லேப்டாப்பை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறான். அப்பாவோ இருபது வருஷமாக விண்டோஸில் வேர்டும் எக்செல்லும் பழகியவர். பிள்ளை விமானம் ஏறிய மறுநாள் எனக்கு போன் வரும். "சார், இதுல நம்ம விண்டோஸைப் போட முடியுமா?"

போட முடியும். ஆனால் நம் வயதில் பெரும்பாலோருக்கு அது தேவையில்லை என்பது என் கட்சி.

முதலில், எப்படிப் போடுகிறார்கள் என்று பார்ப்போம். 2006 முதல் ஆப்பிள் கம்பெனி தன் கணினிகளில் இன்டெல் சில்லை வைத்தது. அந்த மேக்குகளில் 'பூட் கேம்ப்' மூலம் விண்டோஸைத் தனியாக நிறுவிக்கொள்ளலாம். 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்தச் சில்லான எம்1-க்கு மாறியது. அதிலிருந்து வரும் கணினிகளில் பூட் கேம்ப் கிடையாது. மிச்சமிருக்கும் வழி பேரலல்ஸ் போன்ற மென்பொருள். மேக்குக்குள்ளேயே இன்னொரு கணினி இருப்பதுபோல் அது பாவனை செய்யும், அதில் விண்டோஸ் ஓடும்.

மயிலாப்பூர் ஒண்டுக் குடித்தனம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே வீடு, ஒரே கிணறு, இரண்டு குடும்பம். 8 ஜிபி நினைவகத்தை மேக்கும் விண்டோஸும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டுமே மூச்சு வாங்கும். பேரலல்ஸுக்கு வருஷா வருஷம் சந்தா, விண்டோஸ் உரிமம் தனிச்செலவு. 1993-இல் தொடங்கிய 'வைன்' என்று இலவச மென்பொருள் ஒன்றும் உண்டு. விண்டோஸே இல்லாமல் விண்டோஸ் நிரல்களை ஓட்டப் பார்க்கும். புதுச்சேரிக்காரனான எனக்குப் பெயர் பிடித்திருக்கிறது, ஆனால் அதை அமைப்பதற்குப் பொறுமை நிறைய வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு? வேர்டும் எக்செல்லும் மேக்குக்கென்றே தனியாகக் கிடைக்கின்றன. சொல்லப்போனால் எக்செல் முதலில் வெளிவந்ததே மேக்கில்தான், 1985-இல். விண்டோஸுக்கு அது 1987-இல்தான் வந்தது. காசு செலவழிக்க விருப்பமில்லாதவர்களுக்கு லிப்ரே ஆபீஸ் இலவசம். கடிதம் எழுதவும், பால் கணக்கு, பென்ஷன் கணக்கு போடவும் அது தாராளமாகப் போதும்.

விண்டோஸ் இல்லாமல் நடக்காத வேலைகளும் சில உண்டு, அதை மறைக்கவில்லை. ஆக்செஸ் மேக்குக்கு வருவதில்லை. மேக்ரோ வைத்த சில எக்செல் கோப்புகள் முரண்டு பிடிக்கும். வருமான வரித் துறையின் எக்செல் படிவம் விண்டோஸுக்காகச் செய்யப்பட்டதுதான். ஆனால் அதே கணக்கை இணையதளத்திலேயே நேராக நிரப்பிவிடலாம். பென்ஷன்காரர்களின் ஜீவன் பிரமாண் சான்றிதழுக்கும் லேப்டாப்பே வேண்டாம். கைபேசியில் முகத்தைக் காட்டினால் ஆயிற்று, இல்லையென்றால் தபால்காரரே வீட்டுக்கு வந்து கைரேகை வாங்கிக்கொள்வார்.

என் கவலை வேறு. நம் பழைய தமிழ்க் கோப்புகள்.

யூனிகோடு புழக்கத்துக்கு வருமுன் தமிழ் எழுத்துரு செய்தவர்கள், ஆங்கில எழுத்துகளின் இடங்களிலும் ஆங்கிலத்துக்குத் தேவைப்படாத எழுத்துகளின் இடங்களிலும் தமிழ் எழுத்துகளை உட்கார்த்திவைத்தார்கள். இரண்டாவது வகை இடங்களில் பல, பிரெஞ்சு போன்ற மொழிகளின் குறியிட்ட எழுத்துகளுக்கானவை. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன், அதனால் இது எனக்குச் சட்டென்று கண்ணில் படும். அரசு அலுவலகங்களில் நாம் அடித்த வானவில் எழுத்துருவில் 'தமிழ்' என்ற சொல்லை, அந்த எழுத்துரு இல்லாத மேக்கில் திறந்து பாருங்கள். ஒரு ஜே, தலையில் இரட்டைப் புள்ளி வைத்த ஏ, ஓவும் ஈயும் ஒட்டிய ஓர் எழுத்து, அவ்வளவுதான் வரும். அந்தக் கடைசி எழுத்து பிரெஞ்சில் இதயம், சகோதரி, முட்டை ஆகிய சொற்களிலெல்லாம் உண்டு. நம் 'ழ்' அங்கே போய்க் குடியிருக்கிறது!

எனக்குச் சிரிப்பாக இருந்தது, லஸ் பக்கம் இருக்கும் ஓர் அம்மாளுக்கு அப்படியில்லை. அவர் கணவர் ஓய்வுபெற்றபின் பத்து வருஷம் உட்கார்ந்து தன் ஊர்க் கதையையும் குடும்பக் கதையையும் தட்டச்சு செய்துவைத்தார். அவர் காலமானபின் பழைய கணினியும் போயிற்று, பென் டிரைவ் மட்டும் மிஞ்சியது. பிள்ளை கொடுத்த மேக்கில் போட்டால் பக்கம் பக்கமாக உளறல். "அவர் எழுதினது அழிஞ்சே போயிடுத்தா?" என்று கேட்டார். அழியவில்லை அம்மா, முகம்தான் மாறியிருக்கிறது என்றேன். அந்த எழுத்துரு இருந்த ஒரு விண்டோஸ் கணினியில் திறந்து, முதலில் பிடிஎஃப் ஆக்கினோம். பிறகு மாற்றி கொண்டு யூனிகோடுக்குக் கொண்டுவந்தோம். அங்கங்கே கொம்பும் காலும் இடம் மாறியிருந்ததைக் கையால் திருத்தினோம். இப்போது அதே மேக்கில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு படிக்கிறார்.

மேக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி எழுத்துரு மேக்கிலேயே இருக்கிறது. அஞ்சல், தமிழ்99 விசைப்பலகைகளும் கூடவே வருகின்றன. பிரெஞ்சுக்கும் விண்டோஸில் ஆல்ட்டை அழுத்திக்கொண்டு 0233 என்று எண் தட்ட வேண்டிய எழுத்து, மேக்கில் ஆப்ஷன் விசையோடு இரண்டே தட்டில் வருகிறது.

1999-இல் சென்னைத் தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டேம், டேப் என்று தரம் வகுத்தது. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டின்போது, யூனிகோடும் டேஸ்16-உம் தரம் என்று ஆணையிட்டது. ஆணை சரி. அதற்கு முன் வீட்டிலும் அலுவலகத்திலும் அடித்துக் குவித்தவை தாமாக மாறிவிடாது. பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றித்தர நூலகங்களிலோ இ-சேவை மையங்களிலோ ஒரு வசதி வைத்தால் என்ன? ஒரு கணினி, பழைய எழுத்துருக்கள், பொறுமையான ஒரு ஊழியர் போதும். அரசுப் படிவங்கள் எந்தக் கணினியிலும் திறக்க வேண்டும் என்பதும் பெரிய கோரிக்கை இல்லை. ஒரு கம்பெனியின் பொருளை வாங்கினால்தான் மனு போடலாம் என்ற நிலை குடிமகனுக்கு இருக்கக் கூடாது.

அதுவரை நம் வேலையை நாம் பார்ப்போம். பழைய விண்டோஸ் கணினியை மேக் வந்த சந்தோஷத்தில் ரிச்சி தெருவில் கழித்துவிடாதீர்கள். அதில் இருக்கும் தமிழ்க் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, பிடிஎஃப் பிரதி ஒன்று, யூனிகோடு பிரதி ஒன்று எடுங்கள். உயில், கணக்கு, கதை, கடிதம் எதையும் விடாதீர்கள். அதன்பிறகு எந்தக் கணினி வந்தாலும் கவலை இல்லை.

எப்படி என்று தெரியாதவர்கள் பென் டிரைவோடு நாகேஸ்வர ராவ் பூங்காவுக்கு வாருங்கள். மாலை ஐந்தரைக்குமேல் அங்கேதான் இருப்பேன்.